மீட்டிங் தவறாம நடக்குது, மக்களுக்கு எதுவும் மாறல: ஒருங்கிணைப்புல எங்க பிசகுது?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க வட்டாரத்துல சுகாதாரம், முதியோர் நலன், குழந்தைகள் நலன், வீட்டு வசதி, அப்புறம் சில தொண்டு நிறுவனங்கள்னு எல்லாரையும் சேத்து ஒரு ஒருங்கிணைப்புக் குழு போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. மாசாமாசம் மீட்டிங் நடக்குது, எல்லாரும் வராங்க, யாருக்குள்ளயும் சண்டை இல்ல. ஆனா திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க அதே ஆளுங்கதான், உதவி கேட்டு அலையறவங்க அதே மாதிரி அலையறாங்க. "பொதுவா ஒரு சாஃப்ட்வேர் வாங்கினா சரியாகுமா, இல்ல இந்தக் குழுவையே கலைச்சிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா பாத்தா இது சாஃப்ட்வேர் கேள்வி. ஆனா ஒருங்கிணைப்புன்னு நாம சொல்ற வேலையால ஒரு மனுஷனோட உடம்பு நிஜமாவே தேறுமா, இல்ல அது ஆபீஸ்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கற ஏற்பாடு மட்டும்தானான்னுதான் நீங்க கேக்கறீங்கன்னு எனக்குப் படுது.

நான் மருத்துவ சமூகப் பணியாளரா ஆஸ்பத்திரி வார்டுல ஆரம்பிச்சவ, அப்புறம் வட்டார அளவுல இந்த ஒருங்கிணைப்பு வேலைக்கு மாறி மொத்தம் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு நல்லா தெரிஞ்சது முதியவங்க, நாள்பட்ட நோய் உள்ளவங்க, மனநல சிகிச்சையில இருக்கறவங்க, இந்த மூணு கூட்டம். குழந்தைகள் பாதுகாப்பு விஷயத்துல நான் ஓரத்துல நின்னு பாத்தவ மட்டும்தான், அதனால அந்தப் பக்கம் நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க சட்டம் வேற, அவசரம் வேற. பொருளாதாரக் கணக்கும் என் படிப்பு இல்ல.

நேரா விஷயத்துக்கு வரேன். உங்க குழு துறைகளை ஒருங்கிணைக்குது, ஆளுங்களை ஒருங்கிணைக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு நானும் ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தேன். துறைத் தலைவர்கள் ஒரே மேஜையில உக்காந்து நல்லபடியா பேசிட்டா கீழ எல்லாம் தானா சரியாகும்னு நினைப்போம். ஆகாது. ஏன்னா ஒரு நோயாளி கீழ விழறது ஒரு துறையோட கையிலிருந்து இன்னொரு துறையோட கைக்கு மாறற அந்த ஒரு இடத்துலதான், அந்த இடம் யாரோட அஜெண்டாவுலயும் இருக்கறதில்ல.

எனக்கு இதைப் புரிய வெச்சது ஒரு பெரியவர். சர்க்கரை நோய், கால்ல ஆறாத புண்ணு, ஒரு விரலை எடுத்திருந்தாங்க. தனியா இருக்கறவர், மகள் வேற ஊர்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்சார்ஜ் பண்ணினாங்க. வீட்டுக்கு வந்து கட்டு மாத்தற நர்ஸ் டீமுக்கு நான்தான் ரெஃபரல் சீட்டு எழுதினேன், எழுதிட்டு என் ரிஜிஸ்டர்ல டிக் போட்டேன். அந்த சீட்டு அவங்க மேஜைக்குப் போனது திங்கக்கிழமை, பிரிச்சுப் பாத்தது செவ்வாய்க்கிழமை, அதுல இருந்த போன் நம்பர் மகளோட பழைய நம்பர். புதன்கிழமை ராத்திரி அவர் காய்ச்சலோட எமர்ஜென்சிக்கு வந்துட்டார். மகள் வந்து என்கிட்ட, "மேடம், நர்ஸ் வருவாங்கன்னு நீங்க சொன்னீங்களே, அப்பா கதவைத் திறந்து வெச்சுட்டு மூணு நாளா உக்காந்திருக்கார்"ன்னாங்க. யாரும் அவங்கவங்க வேலையில தப்பு பண்ணல. வார்டு சரியா டிஸ்சார்ஜ் பண்ணுச்சு, நான் சரியா சீட்டு எழுதினேன், அந்த டீம் சீட்டு கிடைச்ச மறுநாளே தேடுச்சு. அந்த மாசம் நடந்த ஒருங்கிணைப்பு மீட்டிங்ல எல்லாரும் இலக்கை முடிச்சதா ரிப்போர்ட் கொடுத்தோம், அந்த ரிப்போர்ட்ல என் டிக்கும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. முந்தின மாசம் நாங்க எழுதின சீட்டு எல்லாத்தையும் எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணேன். "நாங்க அனுப்பின இடத்துக்குப் போனீங்களா, போன காரியம் முடிஞ்சுதா"ன்னு ரெண்டே கேள்வி. நிறைய பேர் போகவே இல்ல. போனவங்கள்ல பல பேர், தங்ககிட்ட இல்லாத ஒரு பேப்பரை அங்க கேட்டாங்கன்னு திரும்பி வந்திருந்தாங்க. சில பேருக்கு அனுப்பின இடமே மூடியிருந்துச்சு, எங்க லிஸ்ட்ல மட்டும் திறந்திருந்துச்சு. நாங்க அனுப்பறதை எண்ணிட்டு இருந்தோம், போய்ச் சேர்றதை எண்ணல.

சுகாதாரம்ங்கறது மருத்துவத்துறை மட்டும் பாக்கற வேலை இல்லங்கறது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல. 1978 செப்டம்பர்ல அல்மா அட்டாவுல, இப்போ கஜகஸ்தான்ல அல்மாட்டின்னு சொல்ற ஊர்ல, உலக நாடுகள் கூடி ஒரு பிரகடனம் போட்டாங்க. ஆரம்ப சுகாதாரம்னா விவசாயம், உணவு, கல்வி, வீட்டு வசதி, பொதுப்பணி, தகவல் தொடர்பு எல்லாம் சேர்ந்து இழுக்கணும்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. அதுக்கும் முன்னாடி 1971ல ஜூலியன் டுடர் ஹார்ட்னு வேல்ஸ்ல வேலை பாத்த ஒரு டாக்டர், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் குறைவா கிடைக்குதுன்னு எழுதினார். அதாவது என்ன செய்யணும்னு அம்பது வருஷமா தெரியும். எப்படி செய்யறதுங்கறதுலதான் முட்டுது.

முட்டறதுக்குப் பெரிய காரணம் கெட்ட எண்ணம் இல்ல, காசு போற வழி. ஈரம் ஊறின வீட்டுல ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்பு அடிக்கடி வருதுன்னு வெச்சுக்கோங்க. வீட்டைச் சரி பண்ற செலவு வீட்டு வசதித் துறையோட பையிலிருந்து போகும், மிச்சமாகறது ஆஸ்பத்திரியோட பையில. வீட்டு வசதித் துறை அதிகாரிகிட்ட யாரும் "இந்த வருஷம் எத்தனை குழந்தைக்கு மூச்சிரைப்பு குறைஞ்சுது"ன்னு கேக்கப்போறதில்ல, "பட்ஜெட் ஏன் மீறிச்சு"ன்னுதான் கேப்பாங்க. இந்த நிலைமையில அவர் உங்க மீட்டிங்ல தலையாட்டிட்டுப் போறதைத் தவிர என்ன பண்ணுவார்? இதோட கூட, ஒவ்வொரு துறைக்கும் தகுதி விதி வேற, வயசு வரம்பு வேற, எல்லை வேற. ஒரே தெருவுல இந்தப் பக்கம் இருக்கறவர் ஒரு ஆபீஸுக்கும் அந்தப் பக்கம் இருக்கறவர் இன்னொரு ஆபீஸுக்கும் போகணும். இதையெல்லாம் நல்ல மனசால மட்டும் தாண்ட முடியாது.

இந்தக் குழப்பத்துல எனக்கு வழி காட்டினது வால்டர் லாய்ட்ஸ்ங்கற ஆய்வாளர் 1999ல எழுதின ஒரு கட்டுரை. அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் மருத்துவத்தையும் சமூக சேவையையும் இணைக்கப் பாத்த முயற்சிகளை வெச்சு அவர் சொன்னது இதுதான்: எல்லாருக்கும் கொஞ்சம் சேவையை இணைக்கலாம், கொஞ்சம் பேருக்கு எல்லா சேவையையும் இணைக்கலாம், ஆனா எல்லாருக்கும் எல்லாத்தையும் இணைக்க முடியாது. அவர் மூணு மட்டம் பிரிச்சார். பெரும்பாலானவங்களுக்கு எங்க போகணும்னு சரியா சொல்லி விட்டாலே போதும், மிச்சத்தை அவங்களே பாத்துப்பாங்க. இன்னும் கொஞ்சம் பேருக்கு, ஆஸ்பத்திரி விட்டு வர்ற மாதிரி சில திருப்பங்கள்ல யாராவது கூட நின்னு ஒப்படைக்கணும். ரொம்பக் கொஞ்ச பேருக்குத்தான் ஒரே டீம், ஒரே பட்ஜெட்னு முழுசா சேத்துத் தரணும். ரெண்டு வருஷமா உங்க குழு இந்த மூணையும் பிரிக்காம எல்லாருக்கும் எல்லாம்னு பேசிட்டு இருக்குன்னு நீங்க எழுதினதை வெச்சு நினைக்கறேன். அவர் சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம், ஒருங்கிணைப்பு மிச்சம் பண்றதுக்கு முன்னாடி செலவு வைக்கும். சம்பளம் போட்டு ஆள் வைக்காம, இருக்கற வேலையோட இதையும் சேத்துப் பாருங்கன்னு சொன்ன எந்த இடத்துலயும் இது நடந்து நான் பாக்கல.

ஆள்னு சொன்னேன், அதை விரிச்சு சொல்லணும், ஏன்னா இங்கதான் நிறைய வட்டாரங்கள் தடுக்கி விழுது. ஸ்வீடன்ல யோன்ஷோப்பிங் வட்டாரத்துல 1990களோட கடைசியில ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க. இதயம் பலவீனமான ஒரு வயசான அம்மா மூச்சு விட முடியாம வந்தாங்க, சரியான படுக்கையும் சிகிச்சையும் கிடைக்கறதுக்குள்ள முப்பது பேருக்கு மேல அவங்களைப் பாத்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே கதையை முதல்லேருந்து சொல்ல வேண்டி வந்துச்சு. அவங்களுக்கு எஸ்தர்னு பேர் வெச்சு, எந்த முடிவு எடுத்தாலும் "இது எஸ்தருக்கு நல்லதா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல டார்பேங்கற இடத்துல இதே மாதிரி திருமதி ஸ்மித்னு எண்பது வயசு தாண்டின ஒரு கற்பனைப் பெண்மணியை வெச்சு யோசிச்சாங்க. 2005ல அங்க மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் ஒரே அமைப்புக்குள்ள கொண்டு வந்தாங்க, ஆனா உள்ள இருந்து பாத்தவங்க திரும்பத் திரும்ப சொல்றது அமைப்பு மாற்றத்தை இல்ல, ஒருங்கிணைப்பாளர்ங்கற வேலையை. அவங்க டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, தொழில்முறைப் பட்டம் இல்லாதவங்க. ஒரே நம்பர், போன் பண்ணா அவங்கதான் எடுப்பாங்க, யாரை எங்கேருந்து கொண்டு வரணும்னு அவங்களுக்குத் தெரியும், வந்துட்டாங்களான்னு திரும்பக் கேக்கறதும் அவங்கதான்.

என் அனுபவத்துலயும் இந்த வேலைக்கு சரியா வந்தவங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல. எந்த ஆபீஸ்ல யார் மேஜையில ஃபைல் தேங்கும்னு தெரிஞ்சு, அங்க போய் கோவப்படாம நின்னு வாங்கிட்டு வர்றவங்க. சிக்கலான கேஸா இருந்தா ஒருத்தர் இருபத்தஞ்சு முப்பது பேருக்கு மேல பாக்க முடியாது, அதுக்கு மேல போனா திரும்பவும் டிக் போடற வேலை ஆயிடும். இந்த எண்ணிக்கை என் கணக்கு, ஆராய்ச்சி முடிவு இல்ல. அப்புறம் அவங்க கையில கொஞ்சம் சில்லறைப் பணம் இருக்கணும், எந்தத் துறையோட விதிக்குள்ளயும் வராத செலவுக்கு. ஒரு பாத்ரூம் கைப்பிடி, டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போக வண்டிக் கட்டணம், நர்ஸ் உள்ள வர ஒரு மாத்துச் சாவி. இது இல்லாம ஒரு கேஸ் மூணு வாரம் நிக்கறதை நான் பல தடவை பாத்திருக்கேன், எல்லாத் துறையும் சேந்து அனுமதி கொடுக்கறதுக்குள்ள ஒரு அம்மா பாத்ரூம்ல விழுந்து இடுப்பை உடைச்சுகிட்டது உட்பட.

இப்போ உங்க நிஜமான கேள்வி, இதெல்லாம் பண்ணா உடம்பு தேறுமா. இதுல உறுதியா சொல்லக்கூடியதும் இருக்கு, சந்தேகத்தோட சொல்ல வேண்டியதும் இருக்கு, ரெண்டையும் கலக்காம சொல்றேன்.

அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல கேம்டன்னு ஒரு நகரம். அங்க அடிக்கடி ஆஸ்பத்திரியில படுக்கறவங்களைத் தேடிப் பிடிச்சு, நர்ஸ், சமூகப் பணியாளர், சமூக சுகாதாரப் பணியாளர்னு ஒரு டீம் வீட்டுக்கே போய் எல்லாத்தையும் ஒருங்கிணைச்சுக் கொடுத்தாங்க. ஆரம்பத்துல கிடைச்ச கணக்கு பிரமாதமா இருந்துச்சு, உலகம் முழுக்கப் பேசினாங்க, நானும் அதை எங்க மீட்டிங்ல காட்டியிருக்கேன். அப்புறம் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு இந்த சேவை, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சைன்னு சோதிச்சுப் பாத்தாங்க. 2020 ஜனவரியில முடிவு வந்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள திரும்ப ஆஸ்பத்திரியில சேந்தவங்க, சேவை கிடைச்சவங்கள்ல 62.3 சதவீதம், கிடைக்காதவங்கள்ல 61.7 சதவீதம். வித்தியாசமே இல்ல. சேவை கிடைச்சவங்க முன்னைவிட குறைவா சேந்தாங்கங்கறது உண்மைதான், ஆனா சேவை கிடைக்காதவங்களும் அதே அளவு குறைஞ்சிருந்தாங்க. ஏன்னா ஒருத்தரோட ரொம்ப மோசமான நேரத்துல பிடிச்சு அளக்க ஆரம்பிச்சா, எதுவும் பண்ணாட்டியும் கொஞ்ச நாள்ல பல பேருக்கு அது தணிஞ்சு வரும். நாம அதை நம்ம உழைப்பால வந்ததுன்னு எடுத்துப்போம்.

இந்த முடிவைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. எங்க வட்டாரத்துல நாங்க வெற்றின்னு சொன்ன பல கணக்கும் அதே மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட்டு எடுத்ததுதான், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு கூட்டம் எங்ககிட்ட இல்ல. அதனால நாங்க காப்பாத்தினோம்னு நான் நினைச்சதுல எவ்வளவு நிஜம்னு பிரிச்சு சொல்ல எனக்கு வழி இல்ல, அதை மறைச்சுட்டு உங்களுக்கு பதில் எழுதறது சரியா இருக்காது.

ஆனா அதை வெச்சு ஒருங்கிணைப்பே வீண்னு சொல்றதும் தப்பு. கேம்டன்ல இருந்தவங்களுக்கு வீடு, போதை சிகிச்சை, மனநலம் எல்லாத்துலயும் தேவை இருந்துச்சு, டீம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாலும் போற இடத்துல அந்த சேவை தேவையான அளவு இல்லன்னா என்ன ஆகும்? இது என் ஊகம் மட்டும் இல்ல, வேற இடத்துலயும் இதே தடயம் தெரியுது. அமெரிக்க அரசு 2017லேருந்து சில வருஷம் ஒரு பெரிய திட்டம் நடத்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட வீடு, உணவு, போக்குவரத்து, மின்சாரம் மாதிரி கட்டணங்கள், வீட்டுக்குள்ள பாதுகாப்பு, இந்த அஞ்சைப் பத்தியும் கேட்டு, தேவை உள்ளவங்களுக்கு வழிகாட்டி ஆள் போட்டாங்க. பத்து லட்சம் பேருக்கு மேல கேட்டாங்க. வழிகாட்டி கிடைச்சவங்க எமர்ஜென்சிக்கு வர்றது ஓரளவு குறைஞ்சுது. ஆனா அவங்களோட அந்த அடிப்படைத் தேவை தீந்துதான்னு பாத்தா, வழிகாட்டி இல்லாதவங்களைவிட பெருசா தீரல. வழி காட்டினவங்க கூடினாங்க, வழி முடியற இடத்துல இருந்த வீடுகளோட எண்ணிக்கை கூடல.

இதுக்கு எதிர்ப்பக்கமா கனடாவுல அஞ்சு நகரங்கள்ல, 2009லேருந்து 2013 வரைக்கும், மனநலப் பிரச்சனையோட வீடில்லாம இருந்த ரெண்டாயிரம் பேருக்கு மேல எடுத்து குலுக்கல் முறையில பண்ணின ஒரு ஆய்வு இருக்கு. குடி நிறுத்து, சிகிச்சைக்கு வான்னு எந்த நிபந்தனையும் போடாம முதல்ல வீடு, கூடவே ஆதரவு டீம். வீட்டுல நிலைச்சு இருந்தவங்க எண்ணிக்கை வழக்கமான சேவையைவிட தெளிவா கூடுச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மனநோய் அறிகுறியும் போதைப் பழக்கமும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் முன்னேறுச்சு. அதனால நான் இப்போ சொல்றது இவ்வளவுதான்: சேவையே நேரா கைக்குப் போய்ச் சேந்தா அந்தத் தேவை தீரும், இது உறுதி. அது தீந்ததால உடம்பு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் தேறும்ங்கறது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறுது, அதை ஒரு வருஷத்துக்குள்ள ஆஸ்பத்திரிக் கணக்குல காட்டறேன்னு யாருக்கும் வாக்கு கொடுக்காதீங்க.

ஒரு எண்ணைப் பத்தியும் எச்சரிக்கணும், உங்க மீட்டிங்ல யாராவது கட்டாயம் ஸ்லைடுல போட்டிருப்பாங்க: ஆரோக்கியத்துல மருத்துவத்தோட பங்கு 20 சதவீதம்தான், மிச்சம் 80ம் வெளியிலன்னு. அது பெரும்பாலும் அமெரிக்காவுல மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தறதுக்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல வெச்ச எடைகள்லேருந்து வர்றது. சமூகப் பொருளாதாரத்துக்கு 40, பழக்கவழக்கத்துக்கு 30, மருத்துவத்துக்கு 20, சுற்றுப்புறத்துக்கு 10. மதிப்பெண் போடறதுக்கு வெச்ச எடை அது. அதை இயற்கை விதி மாதிரி எடுத்துகிட்டு மருத்துவ பட்ஜெட்டை வெட்டி இங்க போட்டா நாலு மடங்கு பலன்னு சொன்னா, நிதித்துறைக்காரர் ஒரு கேள்வியில உங்களை உக்கார வெச்சிடுவார். சமூகச் சூழல் உடம்பை பாதிக்குதுங்கறதுக்கு வேற நிறைய ஆதாரம் இருக்கு, இந்த எண் இல்லாமலே பேசலாம்.

இதிலேருந்து உங்க குழுவுக்கு வர்ற பெரிய வேலை, இல்லாததை எழுதி வைக்கறது. ஒவ்வொரு ரெஃபரலும் எப்படி முடிஞ்சுதுன்னு பதியும்போது "முடிஞ்சுது", "ஆள் வேண்டாம்னுட்டார்", "தகுதி இல்லன்னு திருப்பிட்டாங்க", "அப்படி ஒரு சேவையே இல்ல", "காத்திருப்புப் பட்டியல்"னு காரணத்தோட பதியுங்க. ஒரு வருஷம் கழிச்சு "எங்க வட்டாரத்துல ராத்திரி பராமரிப்பு ஆள் கேட்டு இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தருக்கும் கிடைக்கல"ன்னு பேப்பரோட மேலிடத்துல போய் நின்னா அதுக்கு ஒரு கனம் இருக்கும். நாங்க கேட்டு வாங்கின ஒரே புது சேவை, வார இறுதியிலயும் கட்டு மாத்தற நர்ஸ், அந்த நோட்டுப் புத்தகத்தை வெச்சுத்தான் கிடைச்சுது. பெரியவரோட வெள்ளிக்கிழமைதான் அதுல முதல் வரி.

ஆளுங்களைக் கண்டுபிடிக்கறது தனிப் பிரச்சனை. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை மட்டும் பாத்தா வராதவங்க தெரியவே மாட்டாங்க. பிரேசில்ல 1990களோட ஆரம்பத்துலேருந்து அந்தந்தப் பகுதி ஆட்களையே சமூக சுகாதாரப் பணியாளரா எடுத்து, ஒருத்தருக்கு அதிகபட்சம் 750 பேர்னு பிரிச்சுக் கொடுத்து, நோய் இருக்கோ இல்லையோ மாசம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வெச்சாங்க. இந்தப் பணியாளர்களையும் டாக்டர், நர்ஸையும் ஒரே டீமா சேத்த குடும்ப சுகாதாரத் திட்டம் பரவின மாநிலங்கள்ல சிசு மரணம் வேகமா குறைஞ்சதை, 1990லேருந்து 2002 வரைக்குமான கணக்கை வெச்சு காட்டியிருக்காங்க, குலுக்கல் ஆய்வு இல்லாட்டியும் வேற காரணங்களைக் கழிச்சுட்டுப் பாத்த கணக்கு அது. கேரளாவுல வலி தணிப்பு சிகிச்சைக்கு அக்கம்பக்கத்து தன்னார்வலர்கள்தான் படுக்கையில கிடக்கறவங்களைக் கண்டுபிடிச்சு சொல்றாங்க, 2008ல மாநில அரசு அதுக்குன்னு கொள்கையே போட்டு உள்ளாட்சி அமைப்புகளைப் பொறுப்பாக்குச்சு. ஆனா ஒண்ணு, இப்படி ஒரு வீட்டுக்குப் போற ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்ச உடனே எல்லாத் துறையும் அவங்க தலையில தன் சர்வேயைக் கட்டும். இதைத் தடுக்கறது உங்க குழுவோட வேலை, தயவுசெஞ்சு தடுங்க.

சாஃப்ட்வேர் கேட்டீங்க. இப்போ வாங்காதீங்க. ஒப்படைக்கற முறை சரியில்லாம சாஃப்ட்வேர் வாங்கினா, மேஜையில தேங்கின சீட்டு ஸ்க்ரீன்ல தேங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் ஆறு மாசம் ஒரு ஷேர் பண்ற ஷீட்டும் ஒரு போனும் போதும், அதுல எந்தக் கட்டம் நிஜமா தேவைப்படுதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்கினா பாதி காசுல முடியும். இதைவிட முக்கியம் சம்மதம். எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்ங்கற ஆசையில ஒரு தடவை எங்க வட்டாரத்துல பொதுப் பதிவேடு ஒண்ணு ஆரம்பிச்சோம். கணவரோட அடிக்குப் பயந்து வீடு மாறின ஒரு பொண்ணோட புது முகவரி அதுல இருந்துச்சு, பதிவேட்டைப் பாக்கக்கூடிய ஒரு அலுவலகத்துல கணவரோட சொந்தக்காரர் வேலை பாத்தார். அந்தப் பொண்ணு ரெண்டு குழந்தைங்களோட ராத்திரியோட ராத்திரியா மறுபடி மாற வேண்டி வந்துச்சு. யாருக்கு எந்தத் தகவல் எதுக்குப் போகுதுன்னு அந்த ஆளுக்கே படிச்சுக் காட்டி, "இவங்களுக்கு வேண்டாம்"னு சொல்ல அவங்களுக்கு இடம் வெச்சுத்தான் எதையும் பகிரணும். அதுக்கு அப்புறம் எங்க ஷீட்டுல முகவரி போடறதில்ல, ஒருங்கிணைப்பாளர் போன் நம்பர் மட்டும்தான்.

குழுவைக் கலைக்கலாமான்னு கேட்டதுக்கு, கலைக்க வேண்டாம். ரெண்டு வருஷம் எல்லாரும் தவறாம வர்றாங்கன்னா அதுவே பெரிய சொத்து, புதுசா அதை உருவாக்கறது ரொம்பக் கஷ்டம். அஜெண்டாவை மட்டும் மாத்துங்க. முதல் அரை மணி நேரம் ரிப்போர்ட் படிக்காதீங்க. நடுவுல மாட்டிகிட்ட நாலஞ்சு பேரோட கேஸை, அவங்க சம்மதத்தோட, பேரைச் சொல்லாம எடுத்துப் போடுங்க. எங்க நிக்குது, யார் நகத்தணும், எந்தத் தேதிக்குள்ள. அந்த அறையில சரின்னு சொல்ற அதிகாரம் உள்ளவங்க உக்காந்திருக்கணும், "மேல கேட்டு சொல்றேன்"னு சொல்றவங்களா இருந்தா அவங்களை அனுப்பின துறையோட பேசி ஆளை மாத்தச் சொல்லுங்க. ஆரம்பத்துக்கு ஒரே ஒரு ஒப்படைப்பை எடுத்துக்கோங்க, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறதுதான் என் சிபாரிசு, ஏன்னா அங்க தேதி தெளிவா இருக்கும், அளக்கலாம். டிஸ்சார்ஜ் ஆன நாளுக்கும் வீட்டுல முதல் ஆள் கால் வெச்ச நாளுக்கும் நடுவுல எத்தனை நாள்ங்கறதை மட்டும் மாசாமாசம் எழுதுங்க. திரும்ப அட்மிட் ஆனவங்க எண்ணிக்கையை முதல் வருஷம் பலகையில போடாதீங்க, சின்னக் கூட்டத்துல அது தன்னால ஏறும் இறங்கும், ஏறினா மனசு உடைஞ்சு போவீங்க, இறங்கினா நாம சாதிச்சோம்னு நம்பிடுவீங்க.

அதுக்கும் முன்னாடி நாளைக்கே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. போன மாசம் உங்க குழுவுல இருக்கற எல்லாத் துறையும் எழுதின ரெஃபரல்கள்ல ஒரு ஐம்பதை எடுத்து, நீங்களே உக்காந்து அந்த ரெண்டு கேள்வியை போன்ல கேளுங்க. வேற யாரையும் கேக்க விடாதீங்க, அந்தக் குரலை நீங்க கேக்கணும். என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுதுங்க, பேர் ஊர் எதுவும் வேண்டாம். எந்த இடத்துல அதிகம் அறுந்து போயிருக்குன்னு பாத்துட்டு, முதல்ல எந்தத் துறையோட பேசணும்னு அதை வெச்சு சொல்றேன்.